யாரும் இழுக்காத கயிறு

கழுத்து வலித்தது. சின்ன வயதில் செங்கல் சுமந்த கழுத்து. குனிந்தால் சும்மா இருக்கும். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால்தான் பின்பக்கம் யாரோ ஆணி இறக்குவதுபோல் குத்தும். பலூனிலிருந்து காணாமல் போன ஒருவனைத் தேடும் வேலை, இருக்கிற கழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கழுத்தைத் தேடி வந்திருந்தது.

அவளைச் சித்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வேலை செய்த காலத்தில் ஒட்டிய பெயர். துப்பறியும் தொழிலுக்கு வந்து வாசலில் பலகை மாட்டிய பிறகும் அது உதிரவில்லை. அவளும் உதறவில்லை.

"தைலம் தேய்ச்சீங்களா அக்கா?" என்றான் ஒட்டடை. அவள் உதவியாளன். நாற்பதைத் தாண்டியவன். உடம்பு கம்பில் சுற்றிய துணி மாதிரி நீளமாக இருக்கும். வாய் அதைவிட நீளம்.

"தேய்ச்சேன்."

"கை எட்டுச்சா?"

பின்னங்கழுத்துக்குத் தைலம் தேய்க்க வீட்டில் இன்னொரு கை வேண்டும்.

கிடங்கின் தரை முழுக்கப் பலூன் துணி விரிந்து கிடந்தது. நிமிர்ந்து நின்றால் பெரிய கட்டடம் அளவுக்கு நிற்குமாம். இப்போது துவைத்துப் போட்டு மறந்துபோன போர்வைபோல் கிடந்தது. ஓரத்தில் பிரம்புக் கூடை. ஒரு மூலை நொறுங்கியிருந்தது. கூடைக்குப் பக்கத்தில் டிரைவர் நின்றார். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். அவர்தான் கட்சிக்காரர்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு லீவு நாள் விடியற்காலையில் பைலட் தனி ஆளாகப் பலூனை மேலே கொண்டுபோனான். பயணிகள் இல்லாத சோதனைப் பறப்பு. பலூன் எங்கே இறங்கும் என்று பலூனுக்கே தெரியாது என்பதால், கீழே ஒரு வண்டி துரத்திக்கொண்டே போகவேண்டும். ஆளையும் துணியையும் அள்ளிக்கொண்டு வரவேண்டும். பதினோரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டியவர் டிரைவர். அன்றைக்கு மூடுபனி. பலூன் கண்ணிலிருந்து மறைந்தது. கடைசியில் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் மரத்தில் மாட்டிக் கிடந்தது. கூடையில் ஆள் இல்லை. வழியில் ஓர் ஏரி. விழுந்து மூழ்கிவிட்டான் என்று போலீஸில் எழுதிவிட்டார்கள். பைலட்டின் இடுப்பு வாரைக் கூடையோடு மாட்டும் கொக்கியைச் சரிபார்க்கவேண்டியது டிரைவர்தான், அவர் பார்க்கவில்லை என்று பலூன் கம்பெனி முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலையில் டிரைவரைக் கைது செய்ய வருவார்கள்.

"நான் பார்த்தேன் மேடம்," என்றார் டிரைவர். "மாட்டினது நான்தான். இழுத்தும் பார்த்தேன்."

"சொன்னா நம்புவாங்களா?"

"நம்பலை. அதான் உங்ககிட்ட வந்தேன்."

சித்தாள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். நான்கு மூலையிலும் காஸ் சிலிண்டர்கள். தலைக்கு மேலே அடுப்பு. வீட்டு அடுப்பை உயரத்தில் தூக்கி வைத்து, நூறு மடங்கு கோபத்தைக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"இது எப்படித்தான் தூக்குது?" என்றான் ஒட்டடை. "எங்க வீட்டுலயும் காஸ் எரியுது. சமையலறை ஒரு நாளும் கிளம்பிப் போகலை."

"சூடான காத்து லேசு," என்றார் டிரைவர். "துணிக்குள்ள இருக்கறது சூடு, வெளியே இருக்கறது குளிர். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு தூக்கும். அதான் விடியக்காலையில பறக்கறோம். வெயில் ஏறினா வெளியேயும் சூடு, உள்ளேயும் சூடு, அப்புறம் எதைப் பிடிச்சு ஏறறது?"

"எறங்கறதுக்கு?"

"நெருப்பைக் குறைச்சா தானா ஆறி எறங்கும். தரையைத் தொட்டதும் இந்தச் சிவப்புக் கயிறை இழுக்கணும். உச்சியில ஒரு வட்ட மூடி இருக்கு. அது திறந்து காத்து போயிடும். இழுக்கலைன்னா கூடையைத் தரையோட தேச்சுக்கிட்டே போகும்."

சிவப்புக் கயிறு கூடையின் விளிம்பில், அதற்கான பையில், சுருட்டியது சுருட்டியபடி இருந்தது. சித்தாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் திருகையும் திருகிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக மூடியிருந்தன.

"இதையெல்லாம் யார் மூடினது?"

"யாரும் தொடலை. முதல்ல போனவன் நான். அப்பவே மூடித்தான் இருந்துச்சு."

"குழாய்ல காஸ்?"

"சொட்டு இல்லை." சொல்லும்போதே டிரைவரின் முகம் மாறியது. "எறங்கினதும் அப்படித்தான் செய்வோம். சிலிண்டரை மூடிட்டு, குழாய்ல மிச்சம் இருக்கறதையும் எரிச்சுத் தீர்த்துட்டுத்தான் அடுப்பை விட்டுக் கையை எடுப்போம்."

"அப்போ எறங்கியிருக்கான்."

"எறங்கியிருந்தா கயிறை இழுத்திருப்பானே."

ஒட்டடை தலையைச் சொறிந்தான். "ஆக, நடு வானத்துல அடுப்பை அணைச்சு, சிலிண்டரைப் பூட்டி, எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வச்சுட்டு விழுந்திருக்கான். ரொம்பப் பொறுப்பான ஆளு."

சித்தாள் சிரிக்கவில்லை. துணியை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து பலூனின் உச்சிப் பக்கம் போனாள். வெயில் குடித்து வெளுத்த துணி. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. உச்சிக்குப் பக்கத்தில், உள்பக்கமாக, தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பட்டை தைத்திருந்தது. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"இது?"

"சூட்டுப் பட்டை. துணி தாங்கற அளவைத் தாண்டிச் சூடு போச்சுன்னா கட்டம் கறுத்திடும். ஒரு தடவை கறுத்தா கறுத்ததுதான், திரும்ப வெளுக்காது."

"பழைய சட்டையில புதுப் பொத்தான் மாதிரி இருக்கு," என்றான் ஒட்டடை.

பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "பழசு அழுக்காயிடுச்சு, போன மாசம் மாத்தினேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கொக்கியைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு பேர் பறக்கறாங்க, புது பைலட் வர்றான். கிழிஞ்ச இடத்தை ஒட்டணும். சீக்கிரம் முடிங்க."

"அழுக்காச்சா, கறுத்துச்சா?" என்றாள் சித்தாள்.

முதலாளி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மணி அடித்தமாதிரி தெரியவில்லை.

பைலட் தங்கியிருந்தது கிடங்குக்குப் பின்னாலேயே, ஒரே ஓர் அறை. ஒரு தட்டு. ஒரு டம்ளர். கட்டிலில் ஒரு தலையணை. சுவரில் படம் இல்லை, நாள்காட்டி இல்லை. இந்த ஊரில் ஒரு மனிதன் இத்தனை வருஷம் இருந்தான் என்பதற்கு, கழுவிக் கவிழ்த்த அந்தத் தட்டுதான் சாட்சி.

ஒட்டடை சுற்றிலும் பார்த்தான். "உங்க வீட்டுக்கு வந்தமாதிரியே இருக்கு அக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சித்தாள் டம்ளரை எடுத்து, பார்த்து, அதே இடத்தில் வைத்தாள்.

சுவரில் ஒரு சார்ஜர் செருகியிருந்தது. வயர்லெஸ் செட்டுக்கானது. செட்டைக் காணோம்.

"கூடையில எடுத்துட்டுப் போவான்," என்றார் டிரைவர். "இன்னொண்ணு என் வண்டியில. ஏரியில விழுந்திருக்கும்."

"அவருக்குன்னு யாரும் இல்லையா?"

டிரைவர் யோசித்தார். "பொண்டாட்டி போயி ரொம்ப நாளாச்சு. வேற யாரையும் சொன்னதில்லை. நாங்களும் அதிகம் பேசிக்க மாட்டோம் மேடம். அவன் மேல, நான் கீழே. எங்க இருக்கே, எந்தப் பக்கம் போறே, அவ்வளவுதான் பேச்சு."

அவருடைய வண்டியிலேயே கிளம்பினார்கள். சித்தாள் முன்னால். ஒட்டடை பின்னால், கயிறுகளுக்கு நடுவே இன்னொரு கயிறாக.

"ஆள் விழுந்தா பலூன் என்ன ஆகும்?" என்றாள் சித்தாள்.

"எடை குறைஞ்ச உடனே சட்டுனு மேல போகும். நெருப்பும் இல்லைன்னா கொஞ்ச நேரத்துல ஆறி, வேகமா கீழே வந்து மோதும்."

"கூடையோட மூலை நொறுங்கியிருக்கே, அந்தமாதிரி."

"ஆமா."

"சரி, விழாம எறங்கினா? தரையைத் தொட்டு, சிலிண்டரை மூடி, மிச்சத்தை எரிச்சு, கொக்கியைக் கழட்டிட்டு, கயிறை மட்டும் இழுக்காம வெளியே கால் வச்சா?"

டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

"அப்பவும் மேல போகும்," என்றார் மெதுவாக. "அவன் எடை போச்சு இல்ல? தானா கிளம்பும். தூரமாப் போய் விழும்."

"அதைப் பார்த்தவங்க, எறங்கின இடத்தை விட்டுட்டு விழுந்த இடத்தைச் சுத்தித்தான் தேடுவாங்க."

"ஆனா எறங்க முடியாது மேடம். பலூனுக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. உயரம் ஒண்ணுதான் நம்ம கையில. காத்து என்ன வேகமோ அதே வேகத்துல கூடையும் போகும். நிக்காது."

"காத்தே இல்லாத இடமா இருந்தா?"

"அப்படி எங்க இருக்கு?"

சித்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு கல்குவாரிக்குள் ஜல்லி உடைக்கப் போனது நினைவுக்கு வந்தது. மேலே மரம் பேயாட்டம் ஆடும். கீழே பள்ளத்தில் ஓர் இலை அசையாது. சுத்தியல் கிளப்பிய தூசி போக வழி தெரியாமல் அங்கேயே நிற்கும். அதைத்தான் நாள் முழுக்க மூச்சாக இழுத்தார்கள். அம்மா கடைசிவரை இருமினாள்.

"அன்னைக்குக் காத்து வந்த பக்கமா, சோளக்காட்டுலேருந்து பின்னாடியே போனா, வழியில கல்குவாரி ஏதாவது இருக்கா?"

டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

குவாரி விளிம்பை ஒட்டித்தான் சாலை போனது. வண்டி நின்றதும் டிரைவர் யோசிக்காமல் வயர்லெஸ் செட்டை எடுத்தார். பொத்தானை அமுக்கினார்.

"மேலே இருக்கியா மாப்ள?"

இரைச்சல் மட்டும் வந்தது. செட்டை வைத்துவிட்டு, இரண்டு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கூச்சப்பட்டார். "பழக்கம். தினமும் சாயங்காலம் தேடிட்டு இந்த வழியாத்தான் திரும்புவேன். இங்க ஒரு தடவை நிறுத்திக் கூப்பிடுவேன். செத்தவனைக் கூப்பிடறேன்னு வீட்டுல திட்டறாங்க."

"நீங்க இங்கேயே இருங்க," என்றாள் சித்தாள்.

பள்ளத்துக்குள் இறங்கும் பாதை முழங்காலைப் பிடித்தது. நடு வழியில் அவள் நின்று, ஒரு பிடி மண்ணை அள்ளிக் காற்றில் விட்டாள். நேராகக் கீழே விழுந்தது.

"காத்துகூட வராத இடத்துக்கு நம்மைக் கூட்டிட்டு வந்துட்டீங்க," என்றான் ஒட்டடை. "டீயாவது வருமா?"

வந்தது. அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சமையல் கொட்டகை. கல் உடைப்பவர்களுக்கு ஆக்கிப்போடும் சமையல்காரி பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். உள்ளே, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, தாடி முளைத்த ஒருவன் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"போன வாரம் லீவு நாளன்னிக்கு, இங்க பலூன் ஏதாவது வந்துச்சா?" என்றாள் சித்தாள்.

"லீவு நாள்ல ஆளே வராது. பலூன் வருமா?" சமையல்காரி ஈரத் துணியைப் பிழிந்தாள். "நான் அன்னைக்கு என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். போனதுக்கு ஒரு வார்த்தை பேசலை அவன். பொழுதோட திரும்பிட்டேன்."

"உங்க ஆள் எப்போ வேலைக்குச் சேர்ந்தாரு?"

"நாலஞ்சு நாளாச்சு. எங்கேருந்துன்னு கேக்காதீங்க. இங்க வர்ற யாரையும் நான் கேக்கறதில்லை. பாத்திரம் சுத்தமா கழுவறான், அது போதும்." உள்ளே திரும்பிப் பார்த்தவள் குரலை உயர்த்தினாள். "இந்தா, மறுபடியும் பார். அடுப்புத் திருகை மூடுன்னா மூட மாட்டேங்கறான். சிலிண்டரை மூடிட்டு, தீ தானா சாகிறவரைக்கும் சாமி பார்க்கறமாதிரி நின்னு பார்த்துக்கிட்டே இருப்பான்."

தாடிக்காரன் அப்படித்தான் நின்றான். நீல நெருப்பு சுருங்கி, நடுங்கி, ஒரு துளியாகி, அணைந்தது. அதன் பிறகுதான் அடுப்பின் திருகை மூடினான்.

ஒட்டடையின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. சித்தாள் எழுந்து உள்ளே போனாள்.

"விழுந்து செத்தவன்னு காட்டணும்னா, சிலிண்டரைத் திறந்தே விட்டிருக்கணும்," என்றாள்.

அவன் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான். "திறந்த சிலிண்டரோட எப்படி விடறது? போய் விழற இடத்துல வீடு இருந்தா?"

"ஆக, நீங்கதான்."

"நான்தான்."

"எதுக்கு ஓடினீங்க? கடனா, பொம்பளை விவகாரமா?"

அவன் சிரித்தான். சிரித்து நாளான முகம். "ரெண்டுல ஒண்ணு இருந்திருந்தாலும் ஓடியிருக்க மாட்டேன். தேடறதுக்கு ஆள் இருக்குதேன்னு உட்கார்ந்திருப்பேன்."

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். தீப்பெட்டி அளவில் ஒரு பட்டை. கட்டங்கள் எல்லாம் கறுத்திருந்தன.

"பன்னெண்டு பேர் போகவேண்டிய கூடையில பதினாறு பேரை ஏத்துவாரு. எடை கூடினா நெருப்பும் கூட வேணும். உச்சித் துணி வெந்துபோச்சு. காட்டினேன். துணியை மாத்தலை, பட்டையை மாத்திட்டாரு. பழசைக் குப்பையிலேருந்து நான் எடுத்து வச்சேன். வேலையை விட்டா வேற ஒருத்தன் ஓட்டுவான். புகார் குடுத்தா புதுப் பட்டையைக் காட்டுவாரு. ஒருத்தன் செத்தா பலூனைப் பிடிச்சு வச்சுச் சோதிப்பாங்க, துணியை இழுத்துப் பார்ப்பாங்க, தானா தெரிஞ்சிடும்னு நெனச்சேன். எனக்குன்னு அழ யாரும் இல்லை. நான் செத்தா யாருக்கும் நஷ்டமில்லை."

"துணியை யாரும் தொடலை. கொக்கியைத்தான் பார்த்தாங்க. நாளைக்குக் காலையில டிரைவரைப் பிடிச்சுட்டுப் போறாங்க."

பைலட் வெளியே, மேலே சாலைப் பக்கம் பார்த்தான். "அவன் சொல்லலையே," என்றான்.

வெளியே சமையல்காரி பாத்திரத்தைக் கவிழ்த்தது மட்டும் கேட்டது.

"எப்போ சொல்லலை?" என்றாள் சித்தாள்.

அவன் குனிந்து, மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வயர்லெஸ் செட்டை எடுத்தான். விளக்கு எரியவில்லை.

"நேத்துதான் பேட்டரி செத்துச்சு. தினமும் சாயங்காலம் மேல ரோட்டுல வண்டி வந்து நிக்கும். விளக்கு தெரியும். மேலே இருக்கியா மாப்ளன்னு கேப்பான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டான். கேஸுன்னு சொல்லலை, போலீஸுன்னு சொல்லலை. அது ஒண்ணுதான் கேப்பான்."

"பொத்தானை அமுக்கியிருந்தா?"

"அவனுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா என்னைக் காப்பாத்த அவன் பொய் சொல்லணும். அவனுக்குப் பொய் வராது."

"நல்ல காரணம்தான்," என்றாள் சித்தாள். "யாரும் தேடலைன்னு சொல்லிக்கிட்டே, தேடி வந்தவன் குரலைத் தினமும் கேட்டுட்டு படுத்திருக்கீங்க."

அவன் செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஒட்டடை எழுந்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "போலாங்க," என்றான். அவ்வளவுதான்.

பாதை ஏறும்போது வெயில் பள்ளத்தை விட்டுப் போயிருந்தது. மேலே வண்டி நின்றது. டிரைவர் வெளியே நின்றபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தலைகள் வருவது தெரிந்ததும் அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். மூன்றாவது தலை யார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். திட்டவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை. ஆளை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். கை கால் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவதுபோல் இருந்தது அது. பிறகு போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

பைலட் முன் இருக்கைக்குப் போகவில்லை. பின்னால், கயிறுகளுக்கு நடுவே ஏறிக்கொண்டான்.

போலீஸ் ஸ்டேஷனில் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கறுத்த பட்டையை மேஜையில் வைத்தான். இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். உச்சித் துணியை இரண்டு போலீஸ்காரர்கள் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தபோது அது நனைந்த காகிதம்போல் பிரிந்ததாம். கிடங்குக்குப் பூட்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பறப்பு இல்லை. முதலாளியை உட்கார வைத்திருந்தார்கள். ஆளில்லாத பலூனை ஊருக்கு மேல் விட்டதற்காகப் பைலட் மேலும் வழக்கு உண்டு. அதையும் அவன் ஒப்புக்கொண்டான். டிரைவர் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

டிரைவர் போகவில்லை. வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். பைலட் வாசலுக்கு வந்து, வண்டியிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில் நின்றான். சித்தாள் கழுத்தைப் பிடித்துவிட்டபடி படியில் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் செட்டை எடுத்தார். அவன் பக்கம் திரும்பாமல், முன்னால் இருக்கும் வெற்றுச் சாலையைப் பார்த்துக்கொண்டே, பொத்தானை அமுக்கினார்.

"மேலே இருக்கியா மாப்ள?"

பைலட்டின் கையில் செத்துப்போன செட். அவன் உதடு அசைந்தது. இன்ஸ்பெக்டருக்கு அத்தனையும் சொன்ன வாய்க்கு இது வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பின் விளக்கு சாலை முனையில் திரும்பியது.

"அக்கா," என்றான் ஒட்டடை தணிந்த குரலில், "கேஸ் முடிஞ்சுதா?"

"கேஸ் முடிஞ்சுது."

பைலட் அதே இடத்தில் நின்றான். ஒரு வாரமாக ஒரு மனிதன் சாலையில் நின்று கேட்ட கேள்விக்கு, அவனிடம் ஒரு பதில் பாக்கி.